ஒலி ஒன்று, சொல் இரண்டு

1989 பிப்ரவரி 19. சிங்கப்பூரிலிருந்து சரக்கோடு கிளம்பிய ஃபிளையிங் டைகர் நிறுவனத்தின் போயிங் 747 விமானம், பொழுது விடியுமுன் கோலாலம்பூரின் சுபாங் விமான நிலையத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. கீழே இறங்கச் சொல்லிக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து உத்தரவு வந்தது: 'டிசெண்ட் டூ ஃபோர் ஸீரோ ஸீரோ.' சொன்னவர் மனத்தில் இருந்தது இரண்டாயிரத்து நானூறு அடி. கேட்டவர்கள் புரிந்துகொண்டது நானூறு அடி. ஆங்கிலத்தில் இரண்டு என்ற எண்ணுக்கும், 'இதுவரை' என்று எல்லை காட்டும் சிறு சொல்லுக்கும் ஓசை ஒன்றுதான். 'டூ' என்பதை எண்ணாக எடுத்தால் 2,400. எல்லைச் சொல்லாக எடுத்தால் 400. விமானி 'ஃபோர் ஸீரோ ஸீரோ' என்று திருப்பிச் சொன்னார். அந்த இடத்தில் திருத்தியிருக்க வேண்டும், யாரும் திருத்தவில்லை. தரை நெருங்குகிறது என்று எச்சரிக்கும் கருவி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே, கடல்மட்டத்துக்கு மேல் 437 அடியில் ஒரு குன்றின் சரிவில் விமானம் மோதியது. உள்ளே இருந்த நால்வரும் இறந்தார்கள்.

ஒரு பெரிய விபத்துக்கு எப்போதும் பல காரணங்கள் சேர வேண்டும், இங்கும் சேர்ந்தன. ஆனால் அந்தச் சங்கிலியின் முதல் கண்ணி ஓர் ஒற்றை அசை. ஒரேபோல ஒலிக்கும் ஆங்கிலச் சொற்களை நாம் பள்ளியில் இலக்கணப் பயிற்சித்தாளின் கடைசிப் பகுதியாகப் பார்த்துப் பழகிவிட்டோம்: கோடிட்ட இடத்தை நிரப்புக, சரியான சொல்லைத் தேர்ந்தெடுக்க. தவறாக எழுதினால் அரை மதிப்பெண் போகும், கவனக்குறைவு என்ற திட்டு கிடைக்கும். இந்தக் குழப்பத்தைக் கவனக்குறைவு என்று மட்டும் சொல்லி ஒதுக்கியதால், அதன் உள்ளே இருக்கும் அருமையான அறிவியல் நம் மாணவர்களுக்குக் கிடைக்காமலே போகிறது. சில சொற்கள் இங்கிலாந்தில் பிறந்தவருக்கே ஒன்றுபோல ஒலிக்கின்றன. சில சொற்கள் அவருக்கு வேறுவேறாகக் கேட்கின்றன. நம் காதுக்கு மட்டும் ஒன்றாகக் கேட்கின்றன. முதல் வகைக்கு வரலாறு பதில் சொல்லும். இரண்டாம் வகைக்குக் காதும் மூளையும் பதில் சொல்ல வேண்டும். இரண்டையும் ஒரே பயிற்சித்தாளில் போட்டுக் கலக்குவதால்தான் எதுவும் மனத்தில் நிற்பதில்லை.

முதலில் ஒரு வியப்பு. ஒரே ஓசையில் இத்தனை சொற்கள் இருந்தும் ஆங்கிலம் பேசுகிறவர்கள் பேச்சில் தடுமாறுவதே இல்லை. மகனைக் குறிக்கும் 'சன்', சூரியனைக் குறிக்கும் 'சன்' இரண்டும் அச்சாக ஒரே ஒலி. என் சன் கல்லூரியில் படிக்கிறான் என்று ஒருவர் சொன்னால் எவரும் வானத்தைப் பார்ப்பதில்லை. இது எப்படி நடக்கிறது என்பதை அமெரிக்க உளவியலாளர் டேவிட் ஸ்வின்னி 1979-இல் வெளியிட்ட ஆய்வு நுட்பமாகக் காட்டியது. 'பக்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பூச்சி என்றும் பொருள். ஒளித்துவைக்கும் ஒட்டுக்கேட்புக் கருவி என்றும் பொருள். அந்தச் சொல் வரும் ஒரு வாக்கியத்தைக் காதில் கேட்கவைத்து, அதே நொடியில் திரையில் ஒரு சொல்லைக் காட்டி, அது உண்மையான சொல்தானா என்று எவ்வளவு விரைவாகச் சொல்கிறார்கள் என்று அளந்தார். வாக்கியம் முழுக்கச் சிலந்தி, கரப்பான் என்று பூச்சிகளைப் பற்றியே பேசினாலும், 'பக்' காதில் விழுந்த கணத்தில் எறும்பு, உளவாளி ஆகிய இரண்டு சொற்களுக்குமே பதில் விரைவாக வந்தது. அதாவது இரண்டு பொருளும் மூளையில் எழுந்துவிட்டன. மூன்று அசை கடந்து அதே சோதனையைச் செய்தபோது எறும்புக்கு மட்டுமே அந்த விரைவு இருந்தது. வேண்டாத பொருள் அதற்குள் அடங்கிப் போயிருந்தது. நமக்குத் தெரியாமலே, ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில், வாக்கியத்தின் சூழல் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது.

சூழல் இப்படிக் கைகொடுப்பதால்தான் மொழிகள் ஒரே ஓசையைப் பல வேலைக்கு வைத்துக்கொள்கின்றன. ஸ்டீவன் பியான்டடோஸியும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2012-இல் முன்வைத்த வாதம் இது: குறுகிய, எளிதில் ஒலிக்கக்கூடிய சொற்களுக்குத்தான் பொருள்கள் அதிகம். சூழலே பொருளைக் காட்டிக்கொடுக்கும் இடத்தில் நீளமான தனிச்சொல்லுக்காக வாயை வருத்துவது வீண் செலவு. எனக்கு இந்த வாதம் பெரிதும் பொருத்தமாகத் தோன்றுகிறது. ஒலியொற்றுமையை மொழியின் நோய் என்று நினைத்தவர்களும் உண்டு. இங்கிலாந்தின் அரசவைக் கவிஞராக இருந்த ராபர்ட் பிரிட்ஜஸ் 1919-இல் இந்தச் சொற்களைப் பற்றியே ஒரு சிறுநூல் எழுதினார். தென் இங்கிலாந்துக்காரர்கள் ரகர ஒலியை விழுங்கிவிடுவதால் ஊற்று என்று பொருள்தரும் 'சோர்ஸ்' தொட்டுக்கொள்ளும் 'சாஸ்' போலவே ஒலிக்கத் தொடங்கிவிட்டது என்பது போன்ற மாற்றங்கள் அவரை வருத்தின. அவர் அஞ்சியபடி மொழி முடங்கிவிடவில்லை.

ஆனால் சூழல் மெலிந்த இடங்கள் உண்டு. அங்கேதான் ஆபத்து. விமானி கேட்டது நான்கைந்து சொற்கள், எல்லாம் எண்கள், இரைச்சலான வானொலி. இரண்டு பொருளில் ஒன்றை அடக்குவதற்கு அந்த வாக்கியத்தில் எதுவுமே இல்லை. ஆகவே விமானத் துறை சூழலை நம்பாமல் சொற்களையே செதுக்கி வைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் ஐந்துக்கும் ஒன்பதுக்கும் உயிரொலி ஒன்றே. இரைச்சலில் இரண்டும் கலந்துவிடும். எனவே வானொலியில் ஒன்பதை 'நைனர்' என்றும், ஐந்தை 'ஃபைஃப்' என்றும் சொல்கிறார்கள். 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' என்று பதினைந்தும் ஐம்பதும் தொலைபேசியில் நம்மைப் படுத்தும் பாடு தெரிந்ததுதானே. வான்வெளியில் பதினைந்தை 'ஒன் ஃபைஃப்' என்று இலக்கம் இலக்கமாகச் சொல்ல வேண்டும். பிரிட்டனின் விமான வானொலி நடைமுறை இன்னும் ஒரு படி போய், உயர அடுக்கு எண்களைச் சொல்லும்போது அந்த 'டூ' என்ற எல்லைச் சொல்லையே விட்டுவிடச் சொல்கிறது. 2,400 அடி என்றால் 'டூ தவுசண்ட் ஃபோர் ஹண்ட்ரட்' என்று ஆயிரமும் நூறும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சுபாங்கில் அந்த 'தவுசண்ட்' ஒலித்திருந்தால் போதும்.

மருந்துக் கடையும் இத்தகைய இடம்தான். ஒரு மருந்தின் பெயருக்கு முன்னும் பின்னும் வாக்கியம் கிடையாது. சீட்டில் ஒற்றைச் சொல்தான். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் 'லோசெக்' அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது, உடலின் உபரி நீரை வெளியேற்றும் 'லேசிக்ஸ்' மருந்தோடு குழம்பியது. 1990-இல் அதன் பெயரை 'பிரைலோசெக்' என்று மாற்றினார்கள். மனச்சோர்வுக்குத் தரப்படும் 'பிரின்டெலிக்ஸ்', இரத்தம் உறைவதைத் தடுக்கும் 'பிரிலின்டா'வோடு குழம்பியதால் 2016-இல் 'டிரின்டெலிக்ஸ்' ஆனது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இப்போது புதிய பெயர்களைக் கணினி நிரலில் இட்டு, ஏற்கெனவே உள்ள பெயர்களோடு ஒலியிலும் எழுத்திலும் எவ்வளவு நெருங்குகின்றன என்று அளக்கிறது. நம் நாட்டில் 2001-இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. கேடிலா என்ற பெயரையே பகிர்ந்துகொள்ளும் இரண்டு நிறுவனங்கள், மூளையைத் தாக்கும் மலேரியாவுக்கு இரண்டு வேறு மருந்துகளை 'ஃபால்சிகோ', 'ஃபால்சிடாப்' என்ற பெயர்களில் விற்றன. மற்ற சரக்குகளுக்குப் போதுமான அளவுகோல் மருந்துக்குப் போதாது, பெயர்க் குழப்பம் உயிரையே பறிக்கலாம் என்பதால் இங்கே கடுமையாகப் பார்க்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. பல மொழிகள் பேசும் நாடு, ஆங்கிலம் அறியாதவர் மிகுந்த நாடு என்பதையும் அது கணக்கில் எடுத்துக்கொண்டது. ஒலியியல் ஒரு தீர்ப்பின் நடுவே வந்து நிற்கும் அரிய இடங்களில் அது ஒன்று.

இனி வரலாறு. இரவைக் குறிக்கும் 'நைட்', குதிரை வீரனைக் குறிக்கும் 'நைட்' இரண்டும் இன்று ஒன்றே. வீரனை எழுதும்போது மட்டும் முன்னால் ஒரு 'கே' எழுத்து வாளாவிருக்கிறது. இரண்டிலும் நடுவே 'ஜி', 'எச்' என்று இரண்டு எழுத்துகள் வேலையின்றி நிற்கின்றன. அவற்றை வீண் எழுத்துகள் என்று மாணவர்கள் சலித்துக்கொள்வது இயல்பு. அறுநூறு ஆண்டுகளுக்கு முன் அவை எல்லாமே ஒலித்தன. வீரன் 'க்நிஹ்ட்' என்பதற்கு நெருக்கமாகவும், இரவு 'நிஹ்ட்' என்பதற்கு நெருக்கமாகவும் இருந்தன. உறவுமொழியான ஜெர்மனில் இன்றும் 'க்னெஹ்ட்' என்றால் பணியாள், 'நாஹ்ட்' என்றால் இரவு. எல்லா மெய்யும் ஒலிக்கின்றன. ஆங்கிலத்தில் தொடக்கத்துக் ககரமும் நடுவில் இருந்த அந்த உராய்வொலியும் மெல்ல மெல்ல உதிர்ந்தன. ஏறத்தாழ 1400 முதல் 1700 வரை நெட்டுயிர்கள் எல்லாம் நாக்கின் இடத்தை மாற்றிக்கொண்டன. டேனிஷ் அறிஞர் ஓட்டோ யெஸ்பர்சன் இதைப் பெரும் உயிரொலிப் பெயர்ச்சி என்று அழைத்தார். இறைச்சியைக் குறிக்கும் 'மீட்', சந்திப்பதைக் குறிக்கும் 'மீட்' இரண்டும் முன்னர் வெவ்வேறு ஏகாரங்களோடு ஒலித்தவை. ஒன்றில் 'ஈ-ஏ', மற்றதில் 'ஈ-ஈ' என்று இன்றைய ஸ்பெல்லிங் வைத்திருப்பது அந்தப் பழைய வேறுபாட்டைத்தான். கடல், பார்த்தல் என்ற இரண்டு 'சீ'க்களும் அப்படியே. வில்லியம் கேக்ஸ்டன் 1476-இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் தொடங்கினார். அச்சு பரவப் பரவ எழுத்து ஓரிடத்தில் நிலைகொண்டது. வாய் மட்டும் தொடர்ந்து நகர்ந்துகொண்டே இருந்தது.

தமிழருக்கு இது நன்கு தெரிந்த கதை. அரம், அறம், ஏரி, ஏறி, கரி, கறி. மயங்கொலி என்று நாம் பெயர் வைத்திருப்பது இதைத்தான். ரகரமும் றகரமும் ஒருகாலத்தில் நாவின் இரண்டு வேறு அசைவுகள். இன்று தமிழகத்தின் பெரும்பகுதியில் பேச்சில் அவை ஒன்றாகிவிட்டன. குமரி மாவட்டத்தில் வேறுபாட்டை இன்னும் கேட்கலாம். ஆங்கிலத்திலும் இது ஊருக்கு ஊர் மாறுகிறது. சூனியக்காரியைக் குறிக்கும் 'விச்', எது என்று கேட்கும் 'விச்' இரண்டையும் லண்டன்காரர் ஒன்றாகச் சொல்வார். ஸ்காட்லாந்தில் பலர் இரண்டாவதன் முன்னால் காற்றை ஊதி, கேட்டவுடனே தெரியும்படி பிரித்துச் சொல்வார்கள். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் குண்டூசியும் எழுதுகோலும், 'பின்' என்றும் 'பென்' என்றும் பிரியாமல், ஒன்றாகிவிட்டன. அதனால் அங்கே எழுதுகோல் வேண்டுமென்றால் 'இங்க் பென்' என்று மை சேர்த்துக் கேட்கும் பழக்கம் இருக்கிறது. ஆகவே இந்த இரண்டு சொல்லும் ஒரே ஒலியா என்று கேட்டால், எந்த ஊர்க்காரருக்கு என்று திருப்பிக் கேட்பதே சரி.

அந்த மை சேர்த்த எழுதுகோல் முக்கியமான ஒன்றைச் சொல்கிறது. சூழலும் காப்பாற்றாத அளவுக்கு இரண்டு சொற்கள் மோதிக்கொண்டால் பேசுகிறவர்களே வழி கண்டுபிடிக்கிறார்கள். இதன் மிக அழகான சான்று பிரான்ஸிலிருந்து வருகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ழூல் ஜிலியெரோன் பிரெஞ்சு வட்டார வழக்குகளின் நிலப்பட நூலை உருவாக்கினார். அவருக்காக எட்மோன் என்பவர் ஊர் ஊராகச் சென்று சொற்களைக் கேட்டு எழுதினார். தென்மேற்கில் காஸ்கனிப் பகுதியில் ஓர் ஒலி மாற்றத்தால் சேவலுக்கான சொல் 'கட்' ஆகியிருக்க வேண்டும். ஆனால் பூனைக்கும் அங்கே 'கட்' என்றுதான் பெயர். கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் சேவல் வந்ததா பூனை வந்ததா என்பதில் குழம்பினால் விவசாயக் குடும்பத்துக்கு நட்டம். அந்தப் பகுதியில் மட்டும் சேவலை ஊர் அதிகாரிக்கான சொல்லாலோ, காட்டுக்கோழி இனமான ஃபெசன்ட் பறவையின் பெயராலோ அழைத்தார்கள். ஒலி மாற்றத்தின் எல்லைக்கோடும் இந்தப் புதுப்பெயர்களின் எல்லைக்கோடும் வரைபடத்தில் ஏறத்தாழ ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. ஆங்கிலத்திலும் 'லெட்' என்று இரண்டு வினைகள் இருந்தன. ஒன்று விடு, மற்றது தடு. நேர் எதிரான இரண்டு பொருள் ஒரே வடிவில் ஒரே வாக்கிய இடத்தில் வாழ முடியவில்லை, தடுப்பது வழக்கொழிந்தது. டென்னிஸில் பந்து வலையைத் தொட்டு விழும்போது சொல்லும் 'லெட்', தடை என்ற அந்தப் பழைய சொல்தான். நம் இந்தியப் பாஸ்போர்ட்டின் உள்ளே, இதை வைத்திருப்பவரைத் தடையின்றிப் போகவிடுமாறு குடியரசுத் தலைவரின் பெயரால் கேட்டுக்கொள்ளும் வாசகத்திலும் அது இன்னும் இருக்கிறது.

இதுவரை பார்த்தவை வெவ்வேறு ஊற்றிலிருந்து வந்து ஓசையில் சேர்ந்துகொண்டவை. மாணவர்களை அதிகம் வாட்டும் ஜோடிகளில் பல இதற்கு நேர்மாறானவை. ஒரே சொல்லாகப் பிறந்து எழுத்தில் பிரிக்கப்பட்டவை. பூவும் மாவும் ஆங்கிலத்தில் 'ஃபிளவர்' தான். மாவு என்பது அரைத்த கோதுமையின் சிறந்த பகுதி, அதன் பூ, என்ற கருத்தில் வந்த பெயர். நெடுங்காலம் இரண்டுக்கும் ஸ்பெல்லிங் கலந்தே இருந்தது. 1755-இல் வெளியான சாமுவேல் ஜான்சனின் அகராதிகூட இரண்டையும் பிரிக்கவில்லை. நம் ஊர்க் கடைத்தெருவில் நோட்டும் பேனாவும் விற்கும் கடையின் பலகையில் 'ஸ்டேஷனரி' என்று எழுதியிருக்கும். அசையாமல் நிற்கிற என்று பொருள்தரும் சொல்லும் 'ஸ்டேஷனரி'தான். ஓர் எழுத்து மட்டும் வேறு. இடைக்காலத்தில் கூடையோடு அலைந்து விற்ற வியாபாரிகளுக்கு நடுவே, பல்கலைக்கழகத்தின் அருகே ஓரிடத்தில் நிலையாகக் கடை போட்டு ஏடு விற்றவர் 'ஸ்டேஷனர்'. அவர் விற்றது ஸ்டேஷனரி. அந்த 'ஸ்டேஷனர்' என்ற ஆளின் கடைசி 'ஈ-ஆர்' எழுத்துகளைப் பார்த்தாலே, காகிதக் கடைக்கு 'ஈ' என்பது விளங்கிவிடும். பள்ளித் தலைவரான 'பிரின்சிபல்', கொள்கையைக் குறிக்கும் 'பிரின்சிபிள்' இரண்டும் முதன்மையானவர் என்று பொருள்தரும் ஒரே லத்தீன் சொல்லின் வழிவந்தவை. நிறைவு செய்வதும் பாராட்டுவதும் ஆன இரண்டு 'காம்ப்ளிமென்ட்'களுக்கும் ஒரே மூலம். உலோகம் 'மெட்டல்', மனவுறுதி 'மெட்டில்'. இவையும் ஒன்றாக இருந்தவையே. இவற்றைக் குழப்புகிறவர் இல்லாத ஒற்றுமையைக் கற்பனை செய்யவில்லை. இருந்த ஒற்றுமையைத்தான் உணர்கிறார். இதைச் சொல்லிக்கொடுத்தால் பிழை குறையும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். எழுத்துக்கு ஒரு சூத்திரம் மனப்பாடம் செய்வதைவிடச் சொல்லின் பிறப்பைத் தெரிந்துகொள்வது நெடுநாள் நிற்கும்.

நன்றாகத் தெரிந்தவர்களும் விரைந்து எழுதும்போது 'அங்கே' என்பதற்குரிய 'தேர்' வர வேண்டிய இடத்தில் 'அவர்களுடைய' என்பதற்குரியதை எழுதிவிடுகிறார்களே, அது ஏன்? கண்ணால் வாசிக்கும்போதுகூட ஒலி மூளைக்குள் எழுகிறது. கை அந்த ஒலியைப் பின்தொடர்கிறது. ஆய்வாளர் கை வான் ஆர்டன் 1987-இல் வெளியிட்ட சோதனையில், திரையில் தோன்றும் சொல் பூவின் பெயரா என்று கேட்டார்கள். ரோஜாவின் 'ரோஸ்' வராமல், வரிசைகள் என்று பொருள்படும் 'ரோஸ்' தோன்றியபோது, ஆம் பூதான் என்று தவறிச் சொன்னவர்கள் மிகுதி. அதே அளவுக்கு எழுத்தில் நெருங்கியிருந்து ஒலியில் வேறுபட்ட சொல்லைக் காட்டினால் அந்தத் தவறு வெகுவாகக் குறைந்தது. பிழைதிருத்தும் மென்பொருளும் நெடுங்காலம் இதில் உதவவில்லை. இரண்டும் அகராதியில் உள்ள சரியான சொற்கள் அல்லவா. இதற்கு நேர் எதிர்த்திசையிலும் ஒரு கண்டுபிடிப்பு இருக்கிறது. நேரம் என்ற 'டைம்', ஓமத்தைப் போல மணக்கும் ஒரு மூலிகையின் பெயரான 'டைம்' இரண்டும் ஒரே ஒலி என்றுதான் எல்லா அகராதியும் சொல்கிறது. சூசன் கால் 2008-இல் தொலைபேசி உரையாடல் பதிவுகளின் பெருந்தொகுப்பில் இத்தகைய ஜோடிகளை அளந்து பார்த்தார். அடிக்கடி வரும் சொல்லை மக்கள் சற்றுக் குறுக்கியும், அரிய சொல்லைச் சற்று நீட்டியும் சொல்கிறார்கள். காது பிடிக்காத வேறுபாட்டை வாய் வைத்திருக்கிறது.

இப்போது நமக்கே உரிய சிக்கலுக்கு வருகிறேன். விலை என்ற 'பிரைஸ்', பரிசு என்ற 'பிரைஸ்'. தமிழ் எழுத்தில் இவற்றைப் பிரித்து எழுத முடியவில்லை என்பதே நிலைமையைச் சொல்லிவிடும். ஆங்கிலேயருக்கு இவை மயங்குவதே இல்லை. முதலாவதன் இறுதியில் குரல்வளை அதிராத ஸகரம். இரண்டாவதில் குரல்வளை அதிரும் ஸகரம், ஆங்கில நெடுங்கணக்கின் கடைசி எழுத்தின் ஒலி. பஸ்ஸும் ரீங்காரமும், அமைதியும் பட்டாணியும், பனிக்கட்டியும் கண்களும் ஆங்கிலத்தில் இதே வேறுபாட்டால் பிரிகின்றன. இறுக்கமில்லாத என்ற 'லூஸ்', தொலைத்தல் என்ற 'லூஸ்' இரண்டையும் நாம் எழுத்தில் மாற்றிப் போடுவதும் இதனால்தான்.

காது இப்படி ஆவது எப்போது? ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் கனடாவில் செய்து 1984-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தந்தது. ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் ஆறு முதல் எட்டு மாதத்தில், இந்தியின் தகரத்தையும் டகரத்தையும் வேறுபடுத்திக் கேட்டன. பத்து, பன்னிரண்டு மாதத்தில் அந்தத் திறன் மங்கியது. நமக்குத் தாளும் டமாரமும் வேறு என்பது எவ்வளவு தெளிவு! ஆங்கிலத்தில் வளர்ந்த பெரியவர் அங்கே தடுமாறுகிறார். குழந்தை தன்னைச் சுற்றி ஒலிக்கும் மொழியில் எந்த வேறுபாடு பொருளை மாற்றுகிறதோ அதைக் கூர்மையாக்கிக்கொள்கிறது. மற்றவற்றைக் கவனிப்பதை விட்டுவிடுகிறது. இது குறைபாடே இல்லை. தாய்மொழியை வேகமாகப் பிடித்துக்கொள்வதற்கு அந்தக் குழந்தை செய்துகொள்ளும் ஏற்பாடு.

ஆங்கிலத்தின் தொட்டியையும் ஊசியையும், 'பின்' என்ற இரண்டையும், நாம் சரியாகப் பிரித்துச் சொல்வதாக நினைக்கும்போதும் வெளிநாட்டவர் மாற்றிப் புரிந்துகொள்வது உண்டு. இதற்கான விளக்கத்தில் தமிழுக்கு நேரடிப் பங்கு இருக்கிறது. லீ லிஸ்கரும் ஆர்தர் ஆபிரம்சனும் 1964-இல் பதினொரு மொழிகளின் வல்லொலிகளை அளந்து வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில் தமிழும் ஒன்று. இதழ் திறப்பதற்கும் குரல்வளை அதிரத் தொடங்குவதற்கும் இடைப்பட்ட நேரத்தை அவர்கள் அளந்தார்கள். ஆங்கிலச் சொல்லின் முதலில் வரும் பகரத்தில் அந்த இடைவெளி ஐம்பது, அறுபது மில்லிவிநாடி. நடுவே ஒரு காற்று வெளிப்படும். உதட்டின் முன்னால் மெல்லிய காகிதத்தைப் பிடித்தால் அது அசைவதைப் பார்க்கலாம். தமிழ்ப் பகரத்தில் அந்த இடைவெளி மிகக் குறைவு, காகிதம் அசையாது. ஆங்கிலேயரின் காதில் இத்தகைய குறுகிய பகரம், அவருடைய மெல்லிய 'பி'யாக, குப்பைத் தொட்டியின் முதல் எழுத்தாக விழுகிறது. பலத்தைக் கூட்டிச் சொல்வதால் பயன் இல்லை. காற்றைக் கூட்ட வேண்டும்.

விலைக்கும் பரிசுக்கும் வழி இன்னும் எளிது. அது நம் கையிலேயே இருக்கிறது. பீட்டர் டெனிஸ் 1955-இல் ஒரு சோதனை செய்தார். பயன் என்ற 'யூஸ்' பெயர்ச்சொல். பயன்படுத்து என்ற 'யூஸ்' வினைச்சொல். முன்னதன் இறுதி அதிராது; பின்னதன் இறுதி அதிரும். ஒலிப்பதிவில் உயிரொலியின் நீளத்தையும் இறுதி மெய்யின் நீளத்தையும் மாற்றினால், கேட்பவர்கள் ஒன்றை மற்றதாகவே கேட்டார்கள். அதிராத மெய்க்கு முன்னால் ஆங்கில உயிர் குறுகும். அதிரும் மெய்க்கு முன்னால் நீளும். விலையின் உயிரொலி சட்டென்று முடியும். பரிசின் உயிரொலி இழுபடும். நாம் இறுதி மெய்யைத் துரத்திக்கொண்டிருக்கிறோம். செய்தி அதற்கு முன்னால் இருக்கும் உயிரில் இருக்கிறது. குறிலையும் நெடிலையும் பிறந்ததிலிருந்தே பிரித்துக் கேட்டுப் பழகிய தமிழ்க் காதுக்கு இதைவிடப் பொருத்தமான வழி ஏது? ஆங்கில வகுப்பில் இதை ஏன் யாரும் சொல்வதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே ஆதங்கம்.

இதோடு ஒட்டி இன்னொன்று. அறிவுரை என்ற 'அட்வைஸ்', அறிவுரை கூறு என்ற 'அட்வைஸ்' இரண்டுக்கும் ஸ்பெல்லிங்கில் குழம்புகிறோம். பெயர்ச்சொல்லின் இறுதி அதிராது. வினையின் இறுதி அதிரும். வீடும் வீடு கொடுத்தலும், புல்லும் மேய்தலும், கண்ணாடியும் கண்ணாடி பதித்தலும் ஆங்கிலத்தில் இதே உறவில் நிற்கின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் ஸகரம் ஒரே ஓர் ஒலியன்தான். சொல்லின் ஓரத்தில் வந்தால் அதிராது. இரண்டு உயிருக்கு நடுவே வந்தால் அதிரும். வினைச்சொல்லுக்குப் பின்னொட்டு இருந்ததால் அங்கே ஸகரம் உயிர்களுக்கு நடுவே சிக்கி அதிர்ந்தது. பின்னாளில் பின்னொட்டு உதிர்ந்தது. அதிர்வு மட்டும் தங்கிவிட்டது. இடத்துக்கு ஏற்ப ஒலி மாறுவதும் அதற்குத் தனி எழுத்து இல்லாததும் நமக்குப் புதிதா? 'பல்', 'பாம்பு' என்ற சொற்களில் பகரம் எங்கே எப்படி ஒலிக்கிறது என்று பாருங்கள். சொல்முதலில் வல்லோசை, மெல்லினத்துக்குப் பின் அதிரோசை, எழுத்து ஒன்றே. நம் தமிழ் இன்றும் பின்பற்றும் ஏற்பாடு ஒருகாலத்தில் ஆங்கிலத்தின் ஸகரத்துக்கும் இருந்தது.

குழந்தைப் பருவத்தில் மங்கிய வேறுபாட்டை வளர்ந்தபின் மீட்க முடியுமா? முடியும். ஜப்பானியர்களுக்கு ஆங்கிலத்தின் ரகரமும் லகரமும் பிரியாது என்பது உலகறிந்தது. இண்டியானா பல்கலைக்கழகத்தில் ஜான் லோகன், ஸ்காட் லைவ்லி, டேவிட் பிசோனி மூவரும் 1991-இல் வெளியிட்ட ஆய்வில், ஜப்பானியருக்கு இந்தச் சொல் ஜோடிகளை மூன்று வாரம் போலக் கேட்கவைத்து, ஒவ்வொரு முறையும் சரியா தவறா என்று உடனே சொன்னார்கள். சொற்களைப் பல பேருடைய குரலில், சொல்லின் பல இடங்களில் அந்த ஒலி வரும்படி தேர்ந்தார்கள். கேட்கும் திறன் உயர்ந்தது. ஒரே குரலில் பயின்றவர்களைத் தனியே சோதித்த அடுத்த ஆய்வில், அவர்கள் அந்தக் குரலுக்கு மட்டுமே தேறினார்கள். புதிய குரல் வந்ததும் பயிற்சி உதவவில்லை. வகுப்பில் ஓர் ஆசிரியரின் உச்சரிப்பை மட்டும் கேட்டு வளரும் மாணவர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். ஆண், பெண், முதியவர், சிறுவர் என்று பத்துப் பேர் சொல்லும் விலையையும் பரிசையும் கலந்து கேட்டு, எது எது என்று எழுதி, உடனே விடையைப் பார்த்துக்கொள்வதை இன்று ஒரு கைப்பேசியை வைத்தே செய்யலாம். ஆன் பிராட்லோவும் சக ஆய்வாளர்களும் 1997-இல் இதன் தொடர்ச்சியாக ஒன்றைக் கண்டார்கள். கேட்கும் பயிற்சி மட்டுமே பெற்ற ஜப்பானியரிடம், பேசும் பயிற்சி எதுவும் தராமலே, அந்தச் சொற்களின் உச்சரிப்பும் தெளிவடைந்திருந்தது.